ஒத்துக்கொள்ளாதவர்

"அந்த ஃபேனை நிறுத்து" என்றாள் ஜெயலக்ஷ்மி. கணவரின் மூடிய கண்கள்மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தாள். சீனிவாசராகவனின் மூச்சு விடியற்காலையில்தான் நின்றிருந்தது.

மகள் நிருபமா சுவிட்சை அணைத்தாள். "எதுக்கும்மா?"

"கண் காஞ்சுடப்படாது. கண் வங்கிக்குப் போன் பண்ணிட்டேன், வந்துண்டிருக்கா. நீ சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

நிருபமா திகைத்தாள். ஓய்வுபெற்ற பிறகு அப்பாவுக்குக் கம்ப்யூட்டரே கதி. பெங்களூர்த் தமிழர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில், சில்வெஸ்டர் என்ற ஒருவனோடு கண்தானம் பற்றி ஒரு வருஷமாகச் சண்டை. கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்பது அப்பாவின் கட்சி.

சித்தப்பா ரங்காவும் அந்தக் குழுவில் இருந்தார். "மன்னி, அண்ணா வேண்டாம்னுதானே எழுதினான்? போன வாரம்கூட எழுதினான். அத்தனை பேரும் படிச்சிருக்கா."

"அங்க அப்படித்தான் எழுதுவார். இங்க அவரைக்காய் உரிச்சுண்டே, 'அந்தப் பையன் சொல்றதுதான் ஜெயா சரி. எனக்கு ஏதாவது ஆனா குடுத்துடு. ஆனா அவன்கிட்ட ஒத்துக்க மாட்டேன்'னார்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

நிருபமா அப்பாவைப் பார்த்தாள். பம்பாயில் வேலை கிடைத்தபோது, கூடவே கூடாது என்று கத்தியவர். மறுநாள் காலை, ஒரு வார்த்தை பேசாமல், ரயில் டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவரும் அவர்தான்.

"போடறேம்மா" என்றாள்.

கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்துக் கிளம்பினார்கள். ரங்கா குனிந்து அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு மேல், கையில் ஹெல்மெட்டோடு ஓர் இளைஞன் தயங்கி நின்றான்.

"சார் போன சேதியை குரூப்ல பார்த்தேன் மேடம். நான்தான் சில்வெஸ்டர். எலெக்ட்ரானிக் சிட்டில இருந்து வர்றேன். சாரை ரொம்பப் பேசிட்டேன். 'உங்ககிட்ட பேசி பிரயோஜனமே இல்ல'ன்னு போன வாரம் எழுதுனேன். அதுக்கப்புறம் சார் எழுதவே இல்ல."

"பிரயோஜனம் இருந்ததுப்பா" என்றாள் ஜெயலக்ஷ்மி. "இப்பத்தான் கண்ணை எடுத்துண்டு போனா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ எழுதறதையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுவார். உன்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரலை. அவருக்காக நான் சொல்றேன். ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

சில்வெஸ்டர் கும்பிடத்தான் நினைத்தான் போலிருக்கிறது. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தான்.

வாசலில் இருந்து ரங்கா எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். திரும்பப் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.