கண்ணாடிக் கடையின் சாவி

வக்கீல் சொன்னதைப் பட்டாணியால் நம்ப முடியவில்லை. உருண்டை முகத்துக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது; இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள்.

"மூக்குக்கண்ணாடிக் கடை, அதுக்கு மேல மாடி வீடு, ரெண்டும் உன் பேர்ல எழுதி வெச்சிருக்காங்கம்மா." சாவிக்கொத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

கடைக்காரம்மாவை அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கண் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. பிள்ளைகுட்டி இல்லாவிட்டாலும், கண்ணாடி வாங்க வரும் பெண்ணுக்கா சொத்தை எழுதிவைப்பார்கள்?

"வேற யாரோன்னு நினைச்சுட்டாங்களா சார்?"

"உங்க அப்பா பேரும் சரியா இருக்கேம்மா."

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்க் கடையைத் திறந்தாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தில் தூசு படிந்திருந்தது. மாடியில் ஒற்றைக் கட்டில், மடித்து வைத்த துணிகள், சுவரில் ஒரே ஒரு புகைப்படம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவள் இடுப்பில் மூக்கு ஒழுகும் ஒரு பொடியன். அவனுடைய இடது புருவத்தை இரண்டாக வெட்டியது போல ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் பட்டாணி தினமும் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறாள்.

வீட்டுப் பக்கத்திலேயே கண்ணாடிக் கடை இருக்க, அம்மா ஏன் பஸ் மாறி இங்கே கூட்டி வந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

படத்தைக் கழற்றிக்கொண்டு நேரே அம்மாவிடம் போனாள். "யாரும்மா இவங்க?"

அம்மா உதறிக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். "உன் அத்தை. அப்பாவோட கூடப்பிறந்த அக்கா."

தாத்தாவின் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அத்தை. தாத்தா பிழைக்கவில்லை. "நீதான் கொன்னுட்டே. இனிமே என் முகத்துல முழிக்காதே!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் அப்பா கத்தியிருக்கிறார். அத்தை அதற்குப் பிறகு அவர் முகத்தில் முழிக்கவே இல்லை.

"உன்னையாவது அவங்க பாக்கட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன். சொன்னா நீ வீட்ல உளறிடுவே, அதுவும் நின்னுடும்னு பயம்."

"ஒரு தடவையாவது அத்தைன்னு கூப்பிட்டிருப்பேனேம்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். போன முறை கடையில், "கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்" என்று அத்தை கேட்டதும், போனிலிருந்து தலை தூக்காமல் "நேரமாச்சு ஆன்ட்டி" என்று கிளம்பியதும் பட்டாணியின் நெஞ்சை அறுத்தன.

சாயங்காலம் அப்பாவின் முன்னால் படத்தை வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாரு அடக்கம் பண்ணினாங்க?"

"பக்கத்துக் கடைக்காரங்க."

"ஆபரேஷன் பண்ணலேன்னாலும் அப்பா தேறியிருக்க மாட்டார்னு டாக்டர் அப்பவே சொன்னார். போகணும் போகணும்னு நினைச்சேன். எந்த மூஞ்சியோட போறது?" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடையை விற்கப் பட்டாணி சம்மதிக்கவில்லை. கண் சோதிக்க ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். விடுமுறை நாட்களில் அப்பாவும் வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "அம்மா இல்லையா? நீங்க யாரு?" என்று கேட்டார்.

"அவங்க தம்பி."

"அட, நீங்கதானா! தம்பி வெளியூர்ல இருக்கான், எப்படியும் ஒருநாள் வந்துடுவான்னு சொல்லிட்டே இருப்பாங்க."

அப்பா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டாணிதான் வந்தவரை உட்காரச் சொல்லி, அத்தை இறந்த செய்தியைச் சொன்னாள்.