வேலிக்கு அந்தப் பக்கத்துச் செண்பகம்

வெள்ளவத்தை ஐக்கிய உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவர், கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி அம்பலவாணர், தம் வாழ்நாளில் பந்தை ஒரே ஒரு தடவைதான் உதைத்திருக்கிறார். அது கழகத்தின் தொடக்க விழாவில், மினுக்கிய சப்பாத்தோடு. பந்து மூன்று முழம் உருண்டு போய் நின்றது. சபையோர் கைதட்டினார்கள். அந்த விளையாட்டில் தாம் அறிய வேண்டியது இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அவர் அன்றே முடிவு செய்துகொண்டார்.

கழகம் இரண்டு வருஷம் விடாமல் தோற்றது. ஆட்டக்காரரின் ஒழுக்கக்குறைவே காரணம் என்று தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் விளக்கினார். பிறகு, 1938ஆம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கையில், வேலியோரமாக ஒரு செண்பகம், அதாவது செம்போத்து, இடமிருந்து வலமாக நடந்து போனது. செங்கல் நிறச் செட்டை, சிவந்த கண், கோயில் தர்மகர்த்தாவின் நடை. அன்று பின்னேரம் கழகம் வென்றது. வென்றதற்குக் காரணம் செண்பகம். செண்பகத்தைக் கண்டவர் தலைவர். மிச்சத்தைச் செயற்குழு தானாகவே விளங்கிக்கொள்ளும்படி விடப்பட்டது.

அதன்பின் ஆட்டம் உள்ள நாட்களில் அணியைத் தெரிவு செய்யும் இடம் மைதானமல்ல, தலைவர் வீட்டுத் தோட்டம். செயற்குழு மற்றப் பறவைகளையும் சும்மா விடவில்லை. மைனா சோடியாக வந்தால் நல்லது. புலுனிக் கூட்டம் வந்தால் கோல் நிறைய விழும், எந்தப் பக்கம் விழும் என்பது மட்டும் தெரியாது. காகத்தைச் சகுனமாக எடுத்தால் வெள்ளவத்தையில் எவரும் வீட்டை விட்டு இறங்க முடியாது என்பதால், காகம் பறவை அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அப்போது கூரையில் நாலைந்து காகங்கள் இருந்தன. அவற்றின் ஆட்சேபம் பதிவாகவில்லை.

இந்த ஏற்பாட்டால் நசுங்கியவன் ராசிக். மாளிகாவத்தைப் பையன், புறக்கோட்டையில் பதியுதீன் முதலாளியின் புடவைக் கடையில் வேலை. பயிற்சியில் அவனைத் தாண்டிப் பந்து போடுவது பெரும்பாடு என்று அணித்தலைவன் வேலுசாமி, நூல் ஆலைத் தொழிலாளி, தலைவரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். ஆனால் கோல் கீப்பர் இடம் கேட்டு ராசிக் தோட்டத்துக்கு வந்த முதல் நாளே செண்பகம் வலமிருந்து இடமாக நடந்தது. அடுத்த தடவையும் அப்படித்தான். தமக்கு அவன் மேல் ஒரு கோபமும் இல்லை, பறவை அப்படிச் சொல்கிறது என்று தலைவர் வருந்தினார்.

பறவை ஒன்றும் சொல்லவில்லை. அதன் கூடு வலப்பக்கத்துப் பற்றையில் இருந்தது. விடிந்ததும் இடப்பக்கத்துத் தண்ணீர்க் கானில் நத்தை தின்னப் போகும். வெயில் ஏறியதும் வயிறு நிறைந்து திரும்பும். ராசிக் கடை திறக்கப் போக வேண்டியவன் ஆதலால் விடியற்காலையிலேயே சைக்கிளில் வந்துவிடுவான். தலைவரின் தமக்கை மகன் சிவசோதி வெயில் ஏறும் முன் எழும்பிப் பழகாதவர். நேரத்துக்கு வருகிறவனுக்குத் துரதிர்ஷ்டமும் நித்திரை கொள்கிறவனுக்கு அதிர்ஷ்டமும் இப்படித்தான் வாய்த்தன.

ஆகவே சிவசோதியே கோல் கீப்பர். பந்து வந்தால், சம்மன் கொண்டுவருகிற ஆளைக் கண்டது போல விலகி வழிவிடுவார். வேலுசாமியும் மற்றவர்களும் பந்தை அவர் பக்கம் வரவே விடாததால் கழகம் இறுதி ஆட்டம் வரை வந்து சேர்ந்தது. ராசிக் கோட்டுக்கு வெளியே வேர்வை துடைக்கும் துவாயும் வெட்டிய தோடம்பழமும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். கடையில் அவனுக்குத் 'துவாய் கீப்பர்' என்று பெயர்.

இறுதி ஆட்டம் கொட்டாஞ்சேனை அணியோடு. சாராயக் குத்தகைக்காரர் ஒருவர் தமது ராஜபக்தியை ஊரறியச் செய்வதற்காகக் கொடுத்த முடிசூட்டு நினைவுக் கேடயம் பரிசு. அந்த வாரந்தான் முதலாளி ராசிக்கைக் கூப்பிட்டு, மலைநாட்டில், பதுளையில், புதுக் கடை திறப்பதாகவும் திங்கட்கிழமை ரயிலில் அவன் அங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். சம்பளமும் கூடுதல். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இந்த ஆட்டத்திலும் துவாய் பிடித்தால், கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு தடவைகூட நிற்காமலே அவன் மலையேற வேண்டும்.

இறுதி ஆட்டம் என்பதால், எல்லாரும் விடியற்காலையிலேயே தோட்டத்துக்கு வர வேண்டும் என்று தலைவர் கட்டளையிட்டிருந்தார். சிவசோதியையும் கட்டிலிலிருந்து இழுத்து வந்தார்கள். செண்பகம் பற்றையை விட்டு இறங்கி, வழக்கம்போல வலமிருந்து இடமாக நடக்கத் தொடங்கியது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ராசிக் முற்றத்தில் நின்றபடியால் இந்தச் சகுனம் அவனைப் பிடிக்கும். சிவசோதி அச்சமயம் குசினிக்குள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபடியால் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே சிவசோதியே நிற்பார்.

ராசிக் குனிந்து சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தலைவரின் மனைவி கனகேஸ்வரி, கறிவேப்பிலை ஆய்வதற்காக அடுத்த வீட்டு வளவில் நின்றார். பன்னிரண்டு ஆண்கள் சனிக்கிழமை தோறும் தம் கீரைப்பாத்தியை மிதித்துவிட்டுக் கோப்பியும் கேட்பதில் அவருக்கு வெகுநாளாகவே அலுப்பு.

"இஞ்சாருங்கோ, இஞ்சாலை நிண்டு பார்த்தா அது இடமிருந்து வலமாத்தானே போகுது."

சகுனம் இந்தப் பக்கத்துக்குத்தான் செல்லும், அந்தப் பக்கத்துக்குச் செல்லாது என்று தலைவர் சொன்னார். ஏன் செல்லாது என்று கேட்டபடி கனகேஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றார் அந்த வளவின் சொந்தக்காரி றோஸி நோனா. இந்த வேலி தொடர்பாக அம்பலவாணர் அவர் மேல் வழக்குப் போட்டு வென்று வருஷம் ஒன்று ஆகவில்லை.

"மிஸ்டர் அம்பலவாணர், வேலி மட்டுந்தான் உங்கட, அதுக்கு இங்கால ஒரு அங்குலமும் வேணாமெண்டு கோட்டில சத்தியம் பண்ணினீங்க. குருவி நடக்கிறது நம்ம வளவில. பிறகு எங்கட பக்கமிருந்து பார்க்கிறதுதானே ஞாயம்?"

தலைவர் வேலிக்கடியை எட்டிப் பார்த்தார். செண்பகம் சந்தேகத்துக்கிடமின்றி றோஸி நோனாவின் நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. தாமே செய்த சத்தியத்தை இத்தனை சாட்சிகளுக்கு முன்னால் மறுப்பது தொழிலுக்கு நல்லதல்ல. விஷயம் ஆழ்ந்து யோசிக்கத் தக்கது என்றார்.

ராசிக் சைக்கிளை விட்டான். "சேர், அப்ப நான் அங்கால போய் நிண்டா எனக்கி நல்ல சகுனம் தானே?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அதுதான் தலைவரைத் திணற வைத்தது.

"இன்னும் நடந்துகிட்டுத்தான் இருக்குங்க," என்றான் வேலுசாமி. "வெரசாச் சொன்னீங்கன்னா ஓடிப் போயி நின்னுக்குவான்."

யோசனை முடியும்வரை ராசிக் காத்திருக்கவில்லை. வேலியில் ஆள் நுழையும் இடைவெளியாக இருந்த பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் போய் நிமிர்ந்து நின்றான். அவன் பின்னால் வேலுசாமி, அவன் பின்னால் மற்றவர்கள். கடைசியில் தலைவர் மட்டும் தம் தோட்டத்தில் தனியே நின்றார். தலைவர் என்றால் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும், கூட்டமோ அங்கே. அவரும் பொட்டுக்குள் நுழைந்தார். சால்வை கிளுவைக் கிளையில் மாட்டியது. கனகேஸ்வரி அதை எடுத்துக் கொடுத்தார்.

கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்த சிவசோதி, நடந்ததைக் கேட்டுத் துளியும் கவலைப்படவில்லை. ராசிக்கே நிற்கட்டும் என்றார்.

"உனக்குச் சகுனம் ஒரு நாளும் பிழைச்சதில்லையேடா," என்றார் தலைவர்.

"சகுனம் நல்லாத்தான் இருக்கு மாமா. கொட்டாஞ்சேனை எட்வினைப் பார்த்தனீங்களே?"

எட்வின் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் அடித்த பந்து நெஞ்சில் பட்டு, ஒரு கீப்பர் இரண்டு நாள் கஞ்சி குடித்ததாக ஊரில் கதை. அதற்குமேல் எவரும் சிவசோதியை வற்புறுத்தவில்லை. இருபக்க நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து ராசிக்கைத் தெரிவு செய்வதாகத் தலைவர் அறிவித்தார்.

பின்னேரம் கொட்டாஞ்சேனை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எட்வின் தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்ட பந்து, ராசிக்கின் இரண்டு கைகளுக்கும் நடுவால் போனது. சிறு பிள்ளைகூடப் பிடித்திருக்கும் பந்து. மைதானம் சிரித்தது. துவாயைக் கொண்டுவா என்று எங்கிருந்தோ ஒருவன் கத்தினான். கடைப் பையன்களும் வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் ராசிக்குக்குத் தெரிந்தது. தலைவர் கண்களை மூடிக்கொண்டார். சிவசோதி தோடம்பழம் தின்றார்.

பிறகு ஒன்றும் போகவில்லை. எட்வின் அடித்ததை ராசிக் நெஞ்சால் மறித்தான், விழுந்தான், எழும்பினான், மூச்சு வாங்கினான், மறுபடி மறித்தான். வெறுங்காலும் முழங்காலும் செம்மண்ணில் உரிந்தன. இரண்டாம் பாதியில் வேலுசாமி தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். முடிவதற்குக் கொஞ்சம் முன் கொட்டாஞ்சேனைக்குப் பெனால்டி கிடைத்தது. எட்வின் பந்தை வைத்துப் பின்னால் நடந்தான். தலைவர் அண்ணாந்து வானத்தில் ஏதாவது பறக்கிறதா என்று தேடினார். ராசிக் எட்வினின் காலை மட்டும் பார்த்தான். அந்தக் கால் கடைசி அடியில் கொஞ்சம் திரும்பியது. ராசிக் அந்தப் பக்கம் பாய்ந்தான். பந்து விரல் நுனியில் பட்டு, கம்பத்துக்கு வெளியே போய்க் கூட்டத்துக்குள் விழுந்தது. முதலில் வந்து அவனைத் தூக்கி நிறுத்தியவன் எட்வின்.

ஒன்றுக்கு ஒன்று. கேடயத்துக்கு மறு ஆட்டம், வரும் சனிக்கிழமை. சகுனத்தை வேலியின் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால்தான் முடிவு சமமாக வந்தது என்று தலைவர் பத்திரிகைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து விளக்கினார். அந்த மனிதர் ராசிக்கின் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ராசிக் முழங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பதியுதீன் முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார்; அப்படி அவர் வருவது சாவு விழுந்த மையத்து வீட்டுக்கு மட்டுந்தான். ராசிக் எழும்பினான். திங்கட்கிழமை ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்தான்.

"பதுளை எங்கயும் ஓடப் போறல்ல," என்றார் முதலாளி. "சனிக்கிழமய முடிச்சிட்டுப் போ. மொதக் கோல விட்ட மாதிரி இன்னொண்ட விட்டா, கடைக்கி வராத."

"சரி முதலாளி."

முதலாளி திரும்பி நடந்தார். ராசிக் நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போய், புதன்கிழமை பயிற்சி இருக்கிறது, கடையிலிருந்து கொஞ்சம் வேளைக்குப் போகலாமா என்று கேட்டான். இடம் கொடுத்தால் மடத்தையே கேட்கிறான் என்று முதலாளி முணுமுணுத்தார். ட்ராம் வண்டிப் பாதை வரை குடையை ஊன்றியபடி முன்னே நடந்தார். வண்டியில் ஏறியதும், கூட வந்து ஓரத்தில் உட்கார்ந்த தம் கணக்கப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, காலை நீட்டிக்கொள்ளும்படி அந்த இடத்தை ராசிக்குக்குக் காட்டினார்.

"மூணு மணிக்கிப் போ," என்றார், வெளியே பார்த்தபடி.