ஏழு மணித் தரை

மருத்துவமனையின் மருந்துச் சன்னலுக்கு ஒரு நாள் வரத் தவறினால் டைல்ஸ் மேஸ்திரி ஒரு முழம் தரைக்குள் இறங்கிவிடுவார். ஊசிப் போதையில் கழிந்த ஒன்பது ஆண்டுகளில், தாம் பதித்த தளங்களிலேயே பலமுறை இடுப்பளவு புதைந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் குறைப்பட்டதெல்லாம் உடைந்த கற்களைப் பற்றித்தான். அங்கே ஊசிக்கு மாற்று மருந்தாக மெத்தடோன் கொடுக்கத் தொடங்கியபின், காலை ஏழு மணிக்கு ஒரு காகிதக் கோப்பை அருந்தினால் மறுநாள் ஏழுவரை தரை அவரைத் தாங்கிற்று. அருந்தியதும் செவிலி, "பேசுங்க" என்பார். மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்கிறவர்கள் உண்டாகையால் அது விதி. மேஸ்திரி அன்றைய வேலையைச் சொல்லிவிட்டுப் போவார்.

தாயில்லாத அவர் மகள் அத்தை வீட்டில் வளர்ந்தாள். ஓராண்டு தரையில் நின்றுகாட்டினால் பெண்ணை அனுப்புவதாகத் தமக்கை வாக்களித்திருந்தார். ஆண்டு நிறைந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"அதை விட்டுட்டு இதைக் குடிக்கிற. பேரு மாறினா போதை போயிடுமாடா? இதையும் விட்டுட்டு வா, அனுப்பறேன்."

மேஸ்திரி யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள், வியர்த்து நடுங்கி, தெருவை இடுப்பால் உழுதபடி வந்துசேர்ந்தவர், தமக்கையின் கூடத்தில் மார்பளவு இறங்கி நின்றுவிட்டார். ஒன்பது வயது மகள் தரையில் அமர்ந்தாள். தந்தை முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"அப்பா, கீழ தண்ணியா இருக்கு?"

"இல்லம்மா. கலவை சரியில்ல. வேற யாரோ போட்டது."

கயிறு கட்டி இழுத்தும் அவர் அசையவில்லை. தமக்கையே மருத்துவமனைக்கு ஓடி, மருத்துவரையும் செவிலியையும் அழைத்துவந்தார். மூன்று நாள் விட்டவருக்கு முழு அளவு ஆகாதென்று மருத்துவர் பாதியே கொடுத்தார்.

"பேசுங்க" என்றார் செவிலி.

"பசிக்குது" என்றார் மேஸ்திரி.

அன்று முழங்கால்வரைதான் மேலே வந்தார். எஞ்சியதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அவ்வாரம் முழுதும் மகள் அவரருகிலேயே பாடம் படித்தாள், உண்டாள், உறங்கினாள்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதைக் குடிக்கணும்?" என்று தமக்கை கேட்டார்.

"தரை வேணுங்கற வரைக்கும்மா" என்றார் செவிலி, கோப்பைகளை எடுத்துவைத்தபடி.

தமக்கை பெண்ணின் துணிகளை மடிக்கத் தொடங்கினார். கூடத்துக் குழியை மேஸ்திரியே அடைத்தார். கல்லின் நிறம் மட்டும் பொருந்தவில்லை.

அதன்பின் ஆறு ஆண்டுகளாக, மழையென்றும் விடுமுறையென்றும் பாராமல், தந்தையும் மகளும் ஏழு மணி வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் எவரேனும் முழங்காலளவு இறங்கியிருந்தால், நேற்று வரவில்லை போலும் என்று சற்றே ஒதுங்கி அவருக்கு வழிவிடுகிறார்கள்.