மூன்றாம் பக்கத்து ஒற்றைக் கொட்டை

1

"பழம்னா பழந்தானுங்க மேடம், அதுக்கு மேல என்னத்த—"

"எந்தப் பழம்ண்ணா? அதத்தான அவங்க—"

"எங்கூர்ல வேற எந்தப் பழத்துக்குங்க மிஷின் செய்வாங்க?"

இந்தக் கதை என் காதில் விழுந்தது இப்படித்தான். வாழவந்தி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருவர். ஸ்பீக்கரில் போட்ட போன். முகங்களைப் பார்க்கவில்லை, பெயர்கள் நான் வைத்தவை. எஸ்டேட் மெக்கானிக் பொன்னுவேல், பக்கத்தில் மனைவி அமுதவல்லி. போனில், சேலத்தில் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரும் கவிதா. புதன்கிழமை விசாரணை என்றார்கள்.

(முதலில், 'மலைமேல் பனி மெல்ல' என்று தொடங்கி, அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கதைக்கு அந்த வசதி உண்டு.)

2

பொன்னுவேலுக்கு அது இல்லை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் கைமிஷின் ஒன்றைச் செய்து, அதை விவரித்து விண்ணப்பம் போட்டு இரண்டு வருஷம். பழத்தின் பருமனுக்குத் தக்கபடி, அது நுழையும் இடைவெளி தானே மாறிக்கொள்ளும். நாவல்பழத்துக்கு இப்படி ஒன்று ஏற்கெனவே உண்டு என்று இப்போது காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்திருக்கிறது. 'காப்பிக்கு மட்டும்' என்று குறுக்கிக்கொண்டால் விண்ணப்பம் பிழைக்கும். இல்லாவிட்டால் அந்த மிஷினை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

உரிமை கிடைக்கும்முன் விவரத்தைக் குறைக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கலாம். முதலில் கொடுத்த தாள்களில் இல்லாததைச் சேர்க்க மட்டும் முடியாது. அந்தத் தாள்களிலோ 'காப்பி' என்ற சொல்லே இல்லை. மலையில் பழம் என்றால் அதுதான்; வாழைக்குத்தான் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

3

இந்த இடத்தில் பொன்னுவேலின் குரல் தழுதழுத்து

இல்லை. அவர் கடலை மென்றுகொண்டிருந்தார். எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, ஒத்தக் கொட்ட எழுதுனமே," என்றாள் அமுதவல்லி.

"எங்க?"

"மூணாம் பக்கத்துல. 'ரெண்டு பருப்புக்குப் பதிலா ஒத்தக் கொட்ட உருண்டையா இருந்தாலும் நசுங்காது'ன்னு. காப்பில எப்பவாச்சும் அப்படி வருமில்லீங்க. மேடம்கூட எதுக்குக்கா, எடுத்துரலாம்னாங்க. நாந்தான் கெடக்கட்டும்னேன்."

போனில் தாள் புரண்டது. பிறகு கவிதா, "அக்கா, நாவல்பழத்துல எத்தன கொட்ட?"

"எப்பவும் ஒண்ணுதானுங்க. நீங்க தின்னதே இல்லீங்களா?"

பொன்னுவேல் சிரித்தார். கடலை புரையேறியது.

4

நான் என் ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் உரிமை கிடைக்கிறது. மற்றதில் இல்லை, ஆனாலும் மிஷின் நன்றாக ஓடுகிறது. இரண்டும் பஸ்ஸில் இல்லாதவை. சட்டம் எனக்கும் பொருந்தட்டும் என்று கிழித்துவிட்டேன். புதன்கிழமை மட்டும் முதலில் பஸ்ஸில் கேட்டதிலேயே இருக்கிறது, அதை விளக்கலாம். முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ விசாரணை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிறார். "பழம்னா காப்பின்னு நாங்க எப்படிம்மா எடுத்துக்கறது?"

கவிதா வாய் திறக்குமுன் அமுதவல்லி முன்னால் சாய்கிறாள்.

"உள்ள ரெண்டு பருப்பு, தப்பினா ஒத்த உருண்டை. அப்படி வேறொரு பழம் நீங்க சொல்லுங்க சார், நாங்க எந்திரிச்சுப் போயிர்றோம்."