மலை எந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நாவலின் கடைசி ஃபைல் தென்காசி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் சங்கரேஸ்வரி, குற்றாலத்தில் தான் வேலை பார்க்கும் லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஒரு கண்ணால் ரூம் சாவிகளையும் இன்னொரு கண்ணால் லேப்டாப்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் எழுதிய கதை; கொற்றி என்ற பெண் படையோடு போய் ஒரு மாயக் கோட்டையைப் பிடிப்பது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெயர் ‘அந்தியில் திறக்கும் வாசல்’. மாயம் மந்திரமெல்லாம் பிள்ளைகள் படிப்பது என்று ஒரு பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. அதனால் சொந்தமாகவே போடுகிறாள். ஆடி கடைசி ஞாயிறு, இதே லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் வெளியீடு என்று ஃபேஸ்புக்கிலும் போட்டாகிவிட்டது.

“மேடம், இருநூத்தி நாலுல சுடுதண்ணி வரல.”

“ஆள் அனுப்புதேன் சார்.”

சீசன் சமயத்தில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் படிக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

அப்போது ஒலி முகம்மது உள்ளே வந்தார். புனலூரிலிருந்து நேந்திரங்காய்த் தார் ஏற்றி வந்து சிப்ஸ் கடைகளுக்கு இறக்குகிற வேன் டிரைவர். சங்கரேஸ்வரி மூன்று பேருக்குத்தான் நாவலைப் படிக்கக் கொடுத்திருந்தாள். நாத்தனார் மீனா, பத்தே நிமிஷத்தில் ‘நல்லாருக்கு மதினி’ என்று பதில் போட்டாள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார். மூன்றாவது ஆள் இவர்.

“தங்கச்சி, முடிச்சிட்டேன். தெனமும் லோடு எறங்குத வரைக்கும் போன்லயே படிச்சேன். அந்தக் கொற்றி படையோட மலை ஏறுத எடம் இருக்கே, அட்டகாசம்.”

“நெசமாவா அண்ணாச்சி?”

“ஒரு சந்தேகம் மட்டும். அந்தக் கோட்டை எங்கன இருக்கு?”

“மலைக்கு அந்தப் பக்கம். கடலைப் பாத்த மாதிரி.”

“சரி. சாயங்காலம் மலை உச்சி நெழலு கோட்டை வாசல்ல விழுந்தா கதவு தொறக்கும். அதான?”

“அதான கடைசி அத்தியாயமே.”

“எப்படி விழும்?”

“எப்படின்னா?”

“நான் தெனமும் புனலூர் போயிட்டு வாரேன். அங்கன நின்னா மலை கெழக்கால்லா இருக்கு? சாயங்காலம் சூரியன் கடல் பக்கம் போயிருமே. நெழலு நம்ம பக்கம்லா விழும்.”

சங்கரேஸ்வரி கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். சாரலில் மலை பாதி மறைந்து, எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தது. மேற்கே. அவள் ஊரான வடகரையில் வீட்டு வாசலில் நின்றாலும் மேற்கே. அவளுக்கு மேற்கு என்றாலே மலைதான். கதையில் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகும் சூரியனை மலைக்குப் பின்னாலேயே மறைய வைத்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

“இது கற்பனை உலகம் அண்ணாச்சி. அங்கன சூரியன் எப்படி வேணாலும் போகும்.”

“மொத அத்தியாயத்துல இந்தப் பக்கமும் மலைக்குப் பின்னாலதான மறையுது? ரெண்டு பக்கமும் மலைக்குப் பின்னால போனா ராத்திரி எங்கன போயி படுக்கும்?”

அவளுக்கு வந்த கோபத்தில் இருநூற்று நான்குக்குச் சுடுதண்ணீர் சொல்லி அனுப்ப மறந்துபோனது.

புதன்கிழமை ஃபைல் முழுக்க ஒரே தட்டில் ‘மேற்கு’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘கிழக்கு’ என்று மாற்றிப் பார்த்தாள். முந்நூற்றுச் சொச்சம் இடம். இந்தப் பக்கத்து ஊரிலும் மலை கிழக்கே போய் நின்றது. கொற்றி மலைக்குப் புறப்பட்டு நேராகக் கடலுக்குள் இறங்கினாள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு லேப்டாப்பை டப்பென்று மூடினாள்.

வயலிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர் பாண்டிராஜ் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

“என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு?”

சொன்னாள்.

“இதுக்கா? எவன் காம்பஸ் வச்சிக்கிட்டு கதை படிக்கப் போறான்? அப்படியே அனுப்பி விடு. நான் வடகரை பூரா தேதி சொல்லி வச்சிருக்கேன்.”

“ஒலி அண்ணாச்சி கண்டுபிடிச்சாவல்லா.”

“அவுக ஒருத்தருக்கு மட்டும் புக்கு குடுக்காத.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு ஒலி முகம்மதுவின் வேனில் ஏறி உட்கார்ந்தாள். அவர் சொல்வது தப்பு என்று ஆகிவிடாதா என்ற நப்பாசைதான். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை. வளைவுகளில் தலை சுற்றியது. புனலூர் தாண்டி ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார். மணி ஐந்தே முக்கால். தாங்கள் தாண்டி வந்த மலை எதிரே நின்றது. அதுதான் மேற்கு என்று அவள் உடம்பு அடித்துச் சொன்னது. ஆனால் வெயில் முதுகில் சுட்டது. மலை மேல் முழு வெளிச்சம். நிழல் ஒரு விரல்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

“அப்போ இங்கன நெழலு எப்போ அண்ணாச்சி விழும்?”

“காலையில. விடிஞ்சி வெகு நேரம் வரைக்கும் இங்கனலாம் நெழலுதான். பொறவு சுருங்கி மலைக்கே போயிரும்.”

காலையிலேயே வந்து போய்விடும். கொற்றியும் அவளைப் போலவே மலைக்குக் கிழக்கே உள்ளவள்தான். மலை என்றால் அவளுக்கும் மேற்குதான். அந்தியில் நிழல் விழும் என்று நம்பித்தான் ராத்திரியெல்லாம் நடந்த படையைக் காலையில் தூங்க விடுவாள். அந்த நேரத்தில் நிழல் வாசலைத் தொடும், கதவு திறக்கும், மூடும். சாயங்காலம் அத்தனை பேரும் வாசலில் காத்து நிற்பார்கள். நிழல் வராது. வெளிச்சத்தில் நிற்கிறவர்களைக் கோட்டைக்காரன் மேலேயிருந்து எண்ணிக்கொண்டிருப்பான்.

“கொற்றி தோத்துப் போவா அண்ணாச்சி,” என்றாள். “அவள ஜெயிக்க வைக்கத்தான் இத்தனை வருஷம் எழுதுனேன்.”

“நான் படிச்சிருக்கவே கூடாது போல, தங்கச்சி,” என்றார். சாயா வாங்கி வந்து கையில் கொடுத்தார். ஆறும் வரை அவள் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்து ரத்தினம் போன் செய்தார்.

“யக்கா, ஃபைல் எங்க? அட்டையெல்லாம் ரெடி. சூரியன் அப்படி செவந்து எறங்குது.”

“ரத்தினம், கடைசி ஒம்பது அத்தியாயம் மாறுது. பேரும் மாறுது. அந்த அட்டை வேண்டாம்.”

“என்னக்கா சொல்லுதிய! இத விட்டா காலண்டர் வேலை வந்துரும். பொறவு தைக்குதான் மிஷின் ஒழியும். வேணும்னா பேர மட்டும் ‘உதயத்தில்’னு மாத்திருவோம். செவப்பு செவப்புதானக்கா?”

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

“இல்ல. தை மாசமே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு ஃபேஸ்புக்கில் எழுதினாள். ‘வெளியீடு தள்ளிப்போகிறது. பிழை என்னுடையது. மன்னிக்கவும்.’ பாண்டிராஜ் இனி வடகரை பூரா போய்த் தேதி மாறியதைச் சொல்ல வேண்டும்.

“மேடம், நூத்தி எட்டுல துண்டு கேட்டு ஒரு மணி நேரம் ஆச்சு.”

“வருதேன் சார்.”

துண்டு கொடுத்துவிட்டு வந்து கடைசி அத்தியாயமான முப்பத்தி நாலைத் திறந்தாள். ‘நிழல் வாசலைத் தொட்டது’ என்ற வரியை அழித்தாள். அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்று தெரியும். கை வரத்தான் கொஞ்ச நேரம் ஆனது.