மூன்று மணி நேரத்துக்கு ஒரு விரற்கடை

அந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கி, ஓடி, நின்ற பிறகு பன்னிரண்டு வருடம் அதிலிருந்து உயிரோடு யாரும் இறங்கவில்லை. மழையில்லை, பனியில்லை, இயந்திரத்திலும் கோளாறில்லை. நிறுத்துவதற்கு இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். இடம் கிடைக்காத விமானத்துக்கு ஏணி வண்டி வராது, ஏணி வராமல் கதவு திறக்காது. நிலையக் கட்டடம் கூப்பிடு தூரத்தில் விளக்கும் வெளிச்சமுமாக நின்றது. பெட்டிகளை மட்டும் அன்றைக்கே இறக்கிவிட்டார்கள், அவற்றுக்குக் கீழே தனிக் கதவு. நர்சம்மா மாதக்கணக்காக உட்கார்ந்து தைத்த குழந்தைச் சட்டைகள் அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன.

நர்சம்மாவுக்குப் பிரசவ வார்டில்தான் தலை நரைத்தது. வயிற்றுக்குள் கால் கீழாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கையாலேயே தடவித் தடவித் திருப்பிவிடுவாள். வலி எடுத்து வருகிற எந்தப் பெண்ணையும், அவள் யாராக இருந்தாலும், முதலில் உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். படுக்கையில் புரளும்போது முடி சிக்கக் கூடாது என்பது காரணம். தலையில் ஒரு கை பட்டால் பாதி பயம் போய்விடும் என்பது அவள் வெளியே சொல்லாத காரணம். சொந்த மகள் தலைப்பிரசவத்துக்கு நிற்கிறாள், பிள்ளை கால் கீழாக இருக்கிறது என்று தெரிந்ததும், தைத்து வைத்த சட்டைகளை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு உடுத்திய புடவையோடு விமானம் ஏறியவள் அவள்.

மகள் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் உடுத்தியிருந்த மஞ்சள் துணி மட்டும் தெரிந்தது. போனில் பேசினார்கள்.

"லேசா வலிக்குதும்மா. நீ வந்து தலை பின்னிவிடு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இறங்கியாச்சுடி. கதவு திறக்கறதுதான் பாக்கி. அங்கேயே இரு, வந்துட்டேன்."

இன்னும் சில நிமிடங்களில் என்று ஒலிபெருக்கி அப்போதுதான் சொல்லியிருந்தது. அது பொய் சொல்லும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர். நின்ற விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரையும் அடைத்து வைக்க முடியாது, கேட்டால் இறக்கிவிட்டே ஆகவேண்டும், அது பயணியின் உரிமை என்று அவர் தெம்பு சொன்னார். மூன்று மணி நேரம் ஆகப்போகும் சமயம் நர்சம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெல்ட் விளக்கு எரிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். விமானம் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. கிளம்பிவிட்டோம் என்று பயணிகள் கைகூடத் தட்டினார்கள். குமாஸ்தாவுக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. சக்கரம் உருண்டால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பதும் அதே விதியில்தான் இருந்தது.

அன்று முழுக்க விமானம் அப்படியே விரற்கடை விரற்கடையாக நகர்ந்தது. மஞ்சள் துணி வெகுநேரம் கண்ணாடியோரம் நின்றது, பிறகு தரையில் உட்கார்ந்தது, பிறகு யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் மருமகன் அதே இடத்தில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பிள்ளை இல்லை. மகளின் போன் ஒரே ஒரு தடவை வந்தது. "வந்துட்டேன் வந்துட்டேன்னு சொன்னியேம்மா" என்றாள். பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நர்சம்மா தன் கைகளை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரில் அத்தனை பிள்ளைகளைத் திருப்பிய கை. துக்கம் அவளுக்குத் தொண்டையில் வரவில்லை, விரல்களில்தான் வலித்தது.

வருடங்கள் போயின. குறித்த நேரத்துக்குத் தண்ணீரும் ரொட்டியும் தரவேண்டும் என்ற விதியை மட்டும் கம்பெனி கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியது. பணிப்பெண்களுக்கு நரைத்தது. விமானி குரல் உடைந்து, இருமல் பிடித்து, இன்னும் சில நிமிடங்களில் என்பதை மட்டும் தடுமாறாமல் சொன்னார். சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்தது, சக்கரம் நகர நகர அதுவும் கூடவே நகர்ந்தது. குமாஸ்தா ஒரு மத்தியானம் உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தார். இறந்தவர் சாமான் கணக்கு என்பதால் கீழ்க் கதவு வழியாக இறக்கினார்கள். மனுஷன் சாதித்துவிட்டார் என்று பின்வரிசையில் பொறாமையாகப் பேசிக்கொண்டார்கள். தன்னையும் சாமானோடு இறக்கிவிடும்படி நர்சம்மா கேட்டாள். மூச்சு விடுகிறதை அதில் ஏற்றுவதில்லை என்று பணிப்பெண் மரியாதையாகச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் கம்பெனிக்காரர்கள் யாரும் யோசிக்கவில்லை. விமானத்தின் மூக்கு முதல் நாளிலிருந்தே கட்டடத்தைப் பார்த்துச் சாய்வாகத்தான் இருந்தது. விரற்கடையும் வருடக்கணக்கில் சேர்ந்தால் தூரம்தானே. பன்னிரண்டாம் வருடம் விமானம் கண்ணாடிச் சுவரை ஒட்டி வந்து, அதை உரசிக்கொண்டே நகர ஆரம்பித்தது. நர்சம்மாவின் ஜன்னல் காத்திருப்பு அறையின் நாற்காலி வரிசைக்கு நேராக வந்தது. உள்ளே இருப்பவர்கள் என்ன பிஸ்கட் தின்கிறார்கள் என்பதுவரை தெரிந்தது. இப்போதாவது இறக்கிவிடலாமே என்று கேட்டதற்கு, பக்கத்தில் வந்தது சரி, இடம் ஒதுக்கவில்லையே என்று பதில் வந்தது. அதில் தவறு சொல்ல யாருக்கும் வழியில்லை.

ஒரு காலையில் மகள் வந்தாள். கன்னம் ஒட்டி, நெற்றியோரம் நரைத்து, இரண்டாவது முறையாக வயிற்றைத் தாங்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. நர்சம்மா வாய் திறந்தாள். வந்துட்டேன் என்ற வார்த்தைதான் முதலில் வந்தது, அதை அப்படியே விழுங்கிவிட்டாள். மகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். முதுகைக் கண்ணாடிக்குக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். வலி வந்து போவது தோளில் தெரிந்தது.

நர்சம்மா இரண்டு கையையும் தன் ஜன்னலில் வைத்தாள். நடுவகிடு எடுத்தாள். இரண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முடி இரண்டாகப் பிரிந்தது. சிக்கெடுத்து, மூன்று கால் பிரித்து, வார்டில் பின்னுகிற மாதிரியே இறுக்கிப் பின்னினாள். ஒரு இடத்தில் இழுத்தது போலிருக்கிறது, "மெதுவாம்மா" என்று மகளின் உதடு அசைந்தது. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் நின்று பார்த்து, இரண்டு பின்னலின் நுனிக்கும் தன் தலையிலிருந்த ரப்பர் வளையங்களைக் கழற்றிக் கொடுத்தாள். "யாரு பின்னிவிட்டது?" "எங்கம்மா." "நல்லா இறுக்கமா வந்திருக்கு." மகள் இரண்டு பின்னலையும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். நாலைந்து நாள் கழித்து, பெட்டியோடு வந்த பழைய சட்டையில் ஒன்றை மாட்டி, கண்ணாடியோரம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். வழுக்கைத் தலை, மருந்துக்குக்கூட முடியில்லை. பெல்ட் விளக்கு எரிந்தது, விமானம் ஒரு விரற்கடை நகர்ந்தது, மகளும் நாற்காலியை அந்த அளவு தள்ளிப் போட்டுக்கொண்டாள். நர்சம்மா கண்ணாடிச் சுவர் எதுவரை போகிறது என்று எட்டிப் பார்த்தாள். குழந்தைக்குப் பின்னுகிற அளவு முடி வளரும்வரை தாங்கும் போலிருந்தது.