முள் நின்ற இடம்

ரிஸ்தி எங்கள் கடைக்குள் வந்தபோது சைலாவ் ஒரு லாரி பாட்டரியின் முனையில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வந்தவள் கதவைச் சாத்தவில்லை. "கதவு! கதவு!" என்று கத்தினேன். கடை என்று பேர்தானே ஒழிய, அது ஓர் இரும்புப் பெட்டி. முன்பாதியில் சைலாவ் பாட்டரி விற்கிறான், பழசைச் சோதித்துச் சொல்கிறான். பின்பாதியில் நான் என்ஜின் ஆயிலும் வைப்பரும் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு மின்சார அடுப்பு. எங்கள் அர்கலிக் ஊரின் ஜனவரிக் குளிரில் கதவைத் திறந்துபோடுகிறவர்களை எனக்கு ஜென்மத்துக்கும் பிடிக்காது, அது சைலாவின் கூடப் பிறந்த அக்காவாகவே இருந்தாலும்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணிமையில் பனி படிந்திருந்தது. ஓடி வந்திருக்கிறாள்.

"தம்பி, உங்க அத்தான் பாட்டரியத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கார். நல்லா இருக்குன்னு சொல்லிடு."

"நல்லா இல்லேன்னா?"

"நல்லா இல்லேன்னாத்தான் அப்படிச் சொல்லணும். காலையிலயே செல்ஃப் சரியா இழுக்கல. கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னா புதுசு வாங்கிடுவார். நல்லா இருக்குன்னு சொன்னா அதையே மாட்டுவார். விடியக்காலம் இந்தக் குளிர்ல வண்டி கிளம்பாது. எனக்கு நாளைக்கு ஒரு நாள் போதும்டா."

விஷயம் இதுதான். அவள் மகள் ஷோல்பான் முந்தாநாள் காலேஜுக்குப் போனவள் திரும்பவில்லை. நேற்று ராத்திரி போன் வந்தது, கராசு என்கிற ஊரிலிருந்து. அங்கே ஒரு பையன் வீட்டில் இருக்கிறாளாம், இனி இந்த வீட்டு மருமகள் என்பதற்கு அடையாளமாகத் தலையில் வெள்ளைத் துணி போட்டுவிட்டார்களாம். "நானாத்தான் வந்தேன்" என்று அம்மாவிடம் ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பையன் வீட்டார் நாளைக்கு வந்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பார்கள், பிறகு குதிரை என்ன, சீர் என்ன என்று பேச்சு நடக்கும். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் இப்படித்தான். ஆனால் அப்பன்காரன் ஒராஸ்பெக் அதுவரை காத்திருக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறவன். பேசுவதற்கு முன்னால் கை நீண்டுவிடும்.

"அங்க போய் யாரையாவது அடிச்சான்னா, அப்புறம் ரெண்டு குடும்பத்துக்கும் ஆயுசுக்கும் பகை. பொண்ணு வாழ வேண்டாமா?" என்றாள் ரிஸ்தி.

சைலாவ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அக்கா, அவ நெசமாவே தானாப் போனாளா?"

"சொன்னாளே."

"அத்தான் என்ன சொல்றார்?"

"அவருக்கென்ன, அவரும் பக்கத்துல நின்னு கேட்டார், அவ காதுல வேற எவளோ போனப் பிடிச்சுக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சாம். குரலே சரியில்லையாம். மொத நாள் யார் குரல்டா சரியா இருக்கும்? என்னத் தூக்கிட்டு வந்தப்ப நான் மட்டும் என்ன பாட்டா பாடினேன்? அழுதேன். மூணாம் நாள் எழுந்து சாணி அள்ளப் போனேன். செத்தா போயிட்டேன்?"

சைலாவ் என்னைப் பார்த்தான். நான் ஆயில் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன். குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குப் போதும். அவள் பின்பக்கமாகப் போய்விட்டாள், கதவைச் சாத்தாமலேயே.

கொஞ்ச நேரத்தில் ஒராஸ்பெக் வந்தான். குழந்தைகள் சறுக்கி விளையாடும் பலகையில் பாட்டரியை வைத்து, ஒரு பழைய கோட்டைப் போர்த்திக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான். மற்ற நாளாக இருந்தால் உள்ளே வரும்போதே சைலாவை வம்புக்கு இழுப்பான். எங்களில் அக்கா புருஷனுக்கும் மச்சினனுக்கும் நடுவில் அப்படி ஒரு உரிமை. எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கும் வழக்கத்துக்காக ஒன்று சொன்னான்.

"என்ன மாப்ளே, ஊரு பாட்டரியெல்லாம் சரி பண்றே, உன் மண்டைய எப்போ சரி பண்ணப் போறே?"

"உங்க பொண்டாட்டியக் கேட்டுத்தான் பண்ணணும் அத்தான், அவதான் எனக்குச் சின்ன வயசுல மண்டையில தட்டினவ."

ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

சோதிக்கிற கருவி ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு கொக்கி, ஒரு முள், ஒரு பட்டன். கொக்கியை மாட்டினால் முள் ஒரு இடத்தில் நிற்கும். அது சும்மா உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து நல்ல ஆரோக்கியம் என்று சொல்கிற மாதிரி. பட்டனை அழுத்தினால்தான் பாட்டரியின் மேல் பாரம் விழும். அப்போது முள் நின்றால் நிஜம், சரிந்தால் பொய். சைலாவ் கொக்கியை மாட்டினான். முள் பச்சையில் நின்றது. பட்டனின் மேல் விரலை வைத்தான். அழுத்தவில்லை.

"நல்லா இருக்கு அத்தான்."

"அப்புறம் ஏன் காலையில முக்கிச்சு?"

"முனையில அழுக்கு. கழுவித் தரேன்."

ஒராஸ்பெக் முள்ளைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பெரிய உடம்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தது. "சைலாவ், அவ உன் பேச்சத்தான் கேப்பா. தாய்மாமன் நீ. உனக்கு ஒரு போன் போட்டாளா?" என்றான். சைலாவ் இல்லையென்று தலையாட்டினான். "எனக்கும் போடல" என்று சொல்லி எழுந்து, பாட்டரியைக் கோட்டில் சுற்றிக்கொண்டு போனான். பட்டனை அழுத்தவில்லை என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் கடையைத் திறந்ததும் சைலாவின் போன் அடித்தது. ரிஸ்தி அழுதது எனக்கே கேட்டது. "போயிட்டாருடா! ஒரே திருப்புல கிளம்பிடுச்சு!"

"எப்படிக்கா? அது செத்த பாட்டரி!"

"நேத்து வண்டில மாட்டலடா. கழட்டினதுதானேன்னு வீட்டுக்குள்ள கொண்டாந்து ஹீட்டர் பக்கத்துல வெச்சுட்டார். ராத்திரி பூரா அங்கதான் இருந்துச்சு. என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு, எனக்கு உறைக்கவே இல்லடா!"

சைலாவ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இந்த ஊரில் பாட்டரியைக் கழற்றினால் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைப்பது பல் தேய்க்கிற மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதனால்தான் யாரும் யோசிக்கவில்லை. சூட்டில் கிடந்த சாகிற பாட்டரி ஒரே ஒரு தடவை வண்டியைக் கிளப்பும். அதோடு சரி. வழியில் என்ஜின் நின்றால் நின்றதுதான். கராசு ரோட்டில் பாதி தூரத்துக்கு மேல் போன் எடுக்காது, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி குளிர், காற்று வேறு.

"அண்ணே, கூட வாங்க" என்றான். நான் ஏற்கெனவே பூட்டை எடுத்திருந்தேன். குளிர்காலத்தில் அந்த ரோட்டில் தனியாகப் போகிறவன் முட்டாள். சைலாவ் அலமாரியிலிருந்து புதுப் பாட்டரி ஒன்றை இறக்கி, கம்பளியில் சுற்றி, பின்சீட்டில் வைத்தான்.

வழி முழுக்க நான்தான் திட்டிக்கொண்டே வந்தேன்: காற்றை, ரோட்டை, ரிஸ்தியை, அவனை. பயந்தால் எனக்கு வாய் நிற்காது. ரோட்டின் குறுக்கே பனி பாம்புபோல ஊர்ந்தது. கடைசி மின்கம்பமும் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகு, முன்னால் கறுப்பாகப் புகை தெரிந்தது. "டயர எரிக்கிறான். ஆள் உசுரோட இருக்கான்டா!" என்று அவன் தோளில் குத்தினேன். அவன் அழுதுகொண்டே ஓட்டினான்.

ஒராஸ்பெக்கின் ஜீப் பனிமேட்டில் மூக்கைச் செருகி, என்ஜின் அணைந்து நின்றது. எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டி, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஸ்டெப்னி டயர் எரிந்தது. அதற்கு இந்தப்பக்கம் ஒராஸ்பெக், அந்தப்பக்கம் கிழவர் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ஓடுகிற வண்டிக்குள் கதகதப்பாக உட்காராமல் நாலு பேரும் ஏன் வெளியே நின்று சாகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

கிழவர் எங்களிடம் வந்தார். மீசை முழுக்க ஐஸ். "நீங்களாவது சொல்லுங்கப்பா. எங்க பாட்டரியிலேருந்து ஒயர் குடுக்கறேன்னா வேணாங்கறார். வண்டியில உக்காருங்கன்னா வேணாங்கறார். நான் பைமுரத். பையனோட அப்பன். மன்னிப்புக் கேக்கத்தான் கிளம்பி வந்தோம், இங்க இவரப் பாத்தோம். மனுசன நடுக்காட்டுல விட்டுட்டு நாங்க மட்டும் வண்டிக்குள்ள எப்படி உக்காருவோம்?"

"உங்க ஒயர்ல என் வண்டி ஓட வேணாம்யா" என்றான் ஒராஸ்பெக். உதடு சரியாக அசையவில்லை. கை விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அப்புறம் சைலாவைப் பார்த்தான். "நீ எங்கடா வந்தே?"

சைலாவ் பின்கதவைத் திறந்து கம்பளியைப் பிரித்தான். ஒராஸ்பெக் அந்தப் பாட்டரியை உற்றுப் பார்த்தான்.

"நின்னது பாட்டரியாலன்னு உனக்கு யார் சொன்னா?"

டயர் படபடவென்று எரிந்தது. நான் குறுக்கே எதையாவது உளறியிருப்பேன், ஆனால் சைலாவ் முந்திக்கொண்டான். "நேத்து நான் பட்டன அழுத்தல அத்தான். முள் சும்மா நின்னுது. அக்கா கேட்டா. ஒரு நாள் தள்ளிப்போகட்டும்னு... வண்டி வாசல்லயே நிக்கும்னு நெனச்சோம். என்னை அடிங்க."

அடிப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒராஸ்பெக் ஸ்பானரை எடுத்தான். விரல் மடங்கவில்லை, கீழே விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. பைமுரத் குனிந்து அதை எடுத்து, பழைய பாட்டரியைக் கழற்றி, புதியதை வைத்து முறுக்கினார். ஒராஸ்பெக் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நாங்கள் வண்டியைப் பனிமேட்டிலிருந்து பின்னால் தள்ளினோம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அவன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான், கதவைச் சாத்தவில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அந்தக் காற்றில், வழுக்கைத் தலையோடு. "தொப்பியப் போடுங்கய்யா" என்றேன். போடவில்லை.

"பெரியவரே" என்றான் ஒராஸ்பெக், அவரைப் பார்க்காமல். "அவ சாப்பிட்டாளா?"

கிழவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"இல்லப்பா. வந்ததுலேருந்து ஒண்ணும் தொடல. தண்ணி மட்டும் குடிக்கறா. கதவுப் பக்கத்துலயே உக்காந்திருக்கா. என் வீட்டுக்காரி சொன்னா, எல்லாப் பொண்ணும் இப்படித்தான், சரியாயிடும்னு. எனக்கு மனசு ஒப்பல. அதான் விடிஞ்சதும் கிளம்பிட்டேன்."

ஒராஸ்பெக் திரும்பி சைலாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். பிறகு கதவைச் சாத்தினான். ஜீப்பின் முன்சக்கரங்கள் கராசு பக்கமாகத் திரும்பின. எரிகிற டயரைச் சுற்றிக்கொண்டு அது போயிற்று. கிழவரின் ஆட்கள் அவசரமாக வண்டியைத் திருப்பினார்கள். சைலாவ் ரோட்டிலேயே நின்றான், கோட்டுப் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த மேட்டில் மட்டும் எப்படியோ சிக்னல் வந்திருக்கிறது. அக்காதான். அவன் போனைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை அதன் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.